குழிக்குள் நின்றவன் நான் ஒருவன்தான்

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று தொல்பொருள் இலாகாவிலிருந்து கேட்டிருந்தார்கள். மண்ணை எப்படிச் சுரண்டுவது, பானை ஓடுகளை எப்படிக் கழுவுவது, எந்த அடுக்கில் எது கிடைத்தது என்று எப்படிக் குறித்துவைப்பது, இதையெல்லாம் சொல்லித்தர அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். என்னைவிட நன்றாகவே சொல்வார்கள். என்னிடம் இருப்பது வேறு சரக்கு. முப்பது வருஷ வேலையில் நான் அடித்த கூத்துகள். அவற்றில் ஒன்றை மட்டும் முழுதாகச் சொல்கிறேன். சொல்ல ஆரம்பித்தாலே எனக்குக் காது சூடாகிவிடும். ஆனாலும் அன்றைக்குச் சாயங்காலம் எனக்குக் கிடைத்த நிம்மதி இருக்கிறதே, அது என் மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்தபோதுகூடக் கிடைக்கவில்லை. அதனால் சொல்கிறேன்.

என் வேலை தோண்டுவது இல்லை. ஏற்பாடு. முகாமுக்குக் கூடாரம், குடிதண்ணீர், வண்டி, ஆட்கள், அப்புறம் விருந்தாளிகள். யார் பார்க்க வந்தாலும் அவர்களை ரயிலிலிருந்து இறக்கி, வெயில் படாமல் சுற்றிக்காட்டி, சேதாரமில்லாமல் திருப்பி ஏற்றி அனுப்புவது என் பொறுப்பு. திவான் கச்சேரி ஆட்கள், வெள்ளைக்காரத் துரைகள், காலேஜ் வாத்தியார்கள் என்று எத்தனையோ பேரைக் கூட்டிப்போயிருக்கிறேன். ‘ஏற்பாடு என்றால் இவன்தான்’ என்று பெயர் வாங்கியிருந்தேன். அந்தப் பெயர் தலைக்கு ஏறியிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

யுத்தம் முடிந்து, மகாராஜா ஆட்சியும் முடியப்போகிற நேரம். நான் கொள்ளேகால் பக்கத்துக்காரன். எங்கள் ஊர் அப்போது மதராஸ் மாகாணம், பிழைப்பு மட்டும் மைசூரில். நஞ்சன்கூட்டைத் தாண்டிக் கபினிக் கரையோரம் ஒரு மேட்டில் எங்கள் ஆட்கள் தோண்டிக்கொண்டிருந்தார்கள். கிடைத்த பானை ஓடுகளெல்லாம் மைசூர் மியூசியத்துக்கு வரும். அவற்றை அளந்து படமாக வரைய வேண்டும். அந்த வேலையை இரண்டு வருஷமாக ஒரு பெண் வீட்டிலிருந்தே செய்துவந்தார். ஓடுகளைப் பொட்டலமாகக் கட்டிப் பியூன் கொண்டுபோய்க் கொடுப்பான். ஒரு வாரத்தில் படங்கள் திரும்பி வரும். கோடு என்றால் அதுதான் கோடு. எங்கள் மேலதிகாரி அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கோப்பில் வைப்பார். அவர் ஒன்றும் சொல்லவில்லை என்றால் அதுதான் பாராட்டு.

அந்தப் பெண் பெயர் ரங்கநாயகி. மேலுகோட்டையிலிருந்து வந்து தேவராஜ மொஹல்லாவில் நெடுநாளாகக் குடியிருந்த ஐயங்கார் குடும்பம். மூன்று வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு கால்களும் வலுவிழந்துபோயின. அப்போது அவருக்கு முப்பது தாண்டியிருக்கும். அண்ணன் சர்க்கார் குமாஸ்தா, அவர் நிழலில்தான் இருந்தார்.

அந்த வருஷம் படம் வரைய நிரந்தரமாக ஓர் ஆளைப் போட உத்தரவு வந்தது. ரங்கநாயகி விண்ணப்பித்தார். மேலதிகாரி ‘முடியாது’ என்று சொல்லவில்லை. “மியூசியத்திலும் வேலை இருக்கும், மேட்டிலும் இருக்கும். ஒரு நாள் இரண்டு இடத்துக்கும் வந்து போகட்டும். பார்த்துவிட்டுச் சொல்கிறேன்” என்றார். அதற்குள் அண்ணனுக்கு ஷிமோகாவுக்கு மாற்றல் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை அவர் குடும்பத்தோடு கிளம்ப வேண்டும். வேலை கிடைத்தால் தங்கை சித்தியோடு மைசூர் வீட்டிலேயே இருக்கலாம். கிடைக்காவிட்டால் பாத்திரம் பண்டத்தோடு அவரும் ஷிமோகாவுக்குப் போய், அங்கே ஒரு வீட்டு மூலையில் உட்கார வேண்டியதுதான். ஓட்டுப் பொட்டலம் ஷிமோகாவுக்கெல்லாம் போகாது. நாங்கள் வரச்சொன்ன நாள் புதன்கிழமை.

ஏற்பாடு என்னிடம் வந்தது. செவ்வாய்க்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணன்தான் வாசலில் வந்து பேசினார். நல்ல மனுஷர், தங்கை மேல் உயிர். ஆனால் பேச்சுப் பூராவும் பயம். “நாலு பேர் பாக்கற எடம். அவ தரையில நகர்ந்துண்டு போறதை யாரும் பாக்கப்படாது. நீங்கதான் கௌரவமா அழைச்சுண்டு போய் அழைச்சுண்டு வரணும்” என்றார். “நீங்க கவலையே படாதீங்க, என்ற பொறுப்புங்க” என்று மார்தட்டிவிட்டு வந்தேன். உள்ளே இருந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பிள்ளைகளே, நான் சொல்லவந்ததில் பாதி இந்த ஒரு வரிதான். மீதியும் கேளுங்கள்.

ஆபீசில் கைப்பிடி வைத்த பெரிய தேக்கு நாற்காலி ஒன்று இருந்தது. அதன் இரண்டு பக்கமும் மூங்கில் கழியைக் கட்டினேன். தேவராஜ மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்களில் திடமான நாலு பேரைப் பிடித்தேன். என் ஏற்பாட்டை நானே சுற்றிச் சுற்றி வந்து பார்த்துக்கொண்டேன்.

புதன்கிழமை விடிந்ததும் அவர்கள் வீட்டு வாசலில் நாற்காலியை இறக்கினோம். ரங்கநாயகி மடியில் ஒரு துணிப்பையோடு உள்வாசலில் உட்கார்ந்திருந்தார். நாற்காலியைப் பார்த்தார், கழியைப் பார்த்தார், நாலு ஆட்களையும் பார்த்தார்.

“நாலு பேர் தூக்கறதுக்கு என்ன இப்போ அவசரம்? அதுக்கு நாள் இருக்கே” என்றார்.

அண்ணன் “நல்ல நாள்ல என்ன பேச்சு பேசறே” என்று பதறினார். எனக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. “ஏனுங்கம்மணி, சௌகரியமா இருக்குமுங்க, ஏறிக்கோங்க” என்றேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டார்.

முதலில் மியூசியம். எங்கள் கட்டடத்துக்கு முன்னால் பதினோரு படி. செங்குத்துப் படி. மார்க்கெட் ஆட்களுக்கு மூட்டையோடு ஓடித்தான் பழக்கம், நிதானமாக நடக்கத் தெரியாது. குலுக்கிக்கொண்டு ஏறினார்கள். அவர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தேன். உள்ளே கூடத்தின் நடுவில் இறக்கியதும் நான் ஆரம்பித்தேன். கண்ணாடி போட்ட மேஜைகள் ஒவ்வொன்றாக, இது கறுப்பு-சிவப்புப் பானை, இது ஈமத்தாழியின் மூடி, இது சங்கு வளையல் என்று துரைமார்களுக்குச் சொல்வது போலவே மூச்சு விடாமல் சொன்னேன். நாலாவது மேஜைக்கு நாற்காலியை நகர்த்தும்போது அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“நீங்க சொல்றதெல்லாம் நன்னா கேக்கறது. ஆனா எனக்குத் தெரியறது மேஜையோட ஓரக்கட்டை மட்டுந்தான்.”

குனிந்து அவர் கண் மட்டத்துக்கு வந்து பார்த்தேன். உண்மை. நாங்கள் செய்துவைத்த மேஜையெல்லாம் நிற்கிறவன் நெஞ்சளவுக்கு. நாற்காலியில் உட்கார்ந்தவருக்குப் பலகையும் ஆணியும்தான் தெரியும். மூன்று மேஜை வரைக்கும் அந்த அம்மாள் மரியாதைக்காகத் தலையாட்டிக்கொண்டிருந்திருக்கிறார்! பின்னாளில் ஒரு மேஜையின் காலை அறுத்துத் தாழ்வாக்கினோம். அப்புறம் பார்த்தால் மியூசியத்துக்கு வருகிற பள்ளிக்கூடக் குழந்தைகள் எல்லாம் அந்த ஒரு மேஜையைத்தான் மொய்த்தார்கள். அதுவரைக்கும் அவர்களும் எதையும் பார்க்கவில்லை என்பதே எங்களுக்குத் தெரியாது.

மேஜையை விட்டு அவர் பார்வை கூடத்தின் கோடிக்குப் போயிற்று. அங்கே ஆளுயரத்தில் ஒரு கல் நந்தி படுத்திருந்தது.

“இவரை எப்படி உள்ள கொண்டு வந்தேள்? படியில தூக்கிண்டா?”

“அதெப்படிங்க முடியும். பின்பக்கம் சரிவா ஒரு வழி கட்டியிருக்குதுங்க. உருளைக்கட்டை போட்டு அது வழியா...” என்று சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நின்றுவிட்டேன்.

அவர் நந்தியைப் பார்த்துச் சிரித்தார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்தச் சரிவைக் கொத்தனார் பக்கத்தில் நின்று கட்டவைத்தவனே நான். கல்லுக்கு வழி வேண்டும் என்று தோன்றியது, மனுஷிக்குத் தோன்றவில்லை. வெளியே போகும்போது பின்வழியாகப் போனோம். அந்தச் சரிவில் நாற்காலி அலுங்காமல் இறங்கியது.

இத்தோடு எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. மியூசியத்தில்தான் பிசகிவிட்டது, மேட்டில் என் ஏற்பாடு கச்சிதம் என்று நினைத்துக்கொண்டு ரயில் ஏறினேன். நஞ்சன்கூட்டில் இறங்கி மாட்டுவண்டி பிடித்து மேட்டடிக்குப் போனபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது.

தோண்டுகிற முறை அப்போது புதிது. மேட்டைச் சதுரம் சதுரமாகப் பிரித்துத் தோண்டி, சதுரங்களுக்கு நடுவே மண்ணைச் சுவர் போல விட்டுவிடுவார்கள். கூலியாட்கள் அதை வரப்பு என்பார்கள். குறுக்கே போகவர அதுதான் பாதை. ஆனால் ஓரத்தில் மட்டும் கால் வைக்கக்கூடாது. காய்ந்த மண், எப்போது வேண்டுமானாலும் உதிரும். ‘வரப்பு ஓரம் மிதிச்சா சீட்டுக் கிழிஞ்சிடும்’ என்று தினமும் காலையில் ஆட்களிடம் கத்துவது யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான்.

மேலதிகாரி எதிர்ப்பக்கக் குழியில் இருந்தார். அங்கே பெரிய தாழி ஒன்று பாதி வெளிவந்திருந்தது. அங்கே போக வரப்பின் மேல்தான் வழி. நாற்காலியின் அகலம், கழியின் அகலம், பக்கத்துக்கு ஒரு ஆள் என்று மனசுக்குள் அளந்து பார்த்தேன். சரியாக இருக்கும் என்று தோன்றியது. வேலையாட்கள் அத்தனை பேரும் பார்க்க, முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர், நடுவில் நாற்காலி, அதன் பின்னால் குடை பிடித்துக்கொண்டு நான்.

“பெருமாள் பொறப்பாடு மாதிரின்னா இருக்கு” என்றார் ரங்கநாயகி. அவர் அதைச் சந்தோஷமாகச் சொல்லவில்லை. நான் பெருமையாக எடுத்துக்கொண்டேன்.

பாதி வரப்பு தாண்டியிருப்போம். பின்னால் இடப்பக்கம் வந்த ஆளின் காலடியில் மண் சரிந்தது. அவன் முழங்கால் மடிந்தது. கழி தோளிலிருந்து நழுவியது. நாற்காலி இடப்பக்கமாகச் சாய ஆரம்பித்தது. அந்தப் பக்கக் குழி ஓர் ஆள் ஆழம்.

“தூக்கு! தூக்கு!” என்று நான் கன்னடத்தில் கத்தினேன்.

“இறக்குங்கோ! அப்படியே கீழ இறக்குங்கோ!” என்று அவரும் கன்னடத்தில்தான் கத்தினார்.

அந்த நாலு பேர் நல்ல வேளையாக என் பேச்சைக் கேட்கவில்லை. தூக்க வேண்டுமென்றால் நாலு பேருக்கும் கால் ஊன்ற இடம் வேண்டும். இறக்க மூன்று பேர் போதும். இது மூட்டை தூக்குகிறவனுக்குத் தெரியும், தன் உடம்பையே முப்பது வருஷமாகத் தூக்கி இறக்குகிறவருக்கும் தெரியும். எனக்குத் தெரியவில்லை. மூன்று பேரும் தொப்பென்று உட்கார்ந்து நாற்காலியை வரப்பில் வைத்தார்கள். அதன் ஒரு கால் அந்தரத்தில் தொங்கியது. அவர் வலப்பக்கக் கைப்பிடிக்கு மேலாக உடம்பை உருட்டித் தரையில் இறங்கினார். அவர் இறங்கியதுதான் தாமதம், பாரம் மாறி நாற்காலி இடப்பக்கக் குழிக்குள் போயிற்று. தேக்கு உடையும் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. அந்தக் குழியில் அப்போது யாரும் இல்லை. சறுக்கிய ஆளுக்கும் முழங்காலில் சிராய்ப்புதான்.

மேலதிகாரி குழியிலிருந்து தலையைத் தூக்கினார்.

“யாருக்காவது அடியா?”

“இல்லீங்க.”

அவ்வளவுதான். மறுபடி தாழியின் பக்கம் குனிந்துகொண்டார். அந்த முதுகைப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்தது. இனி இந்த மனுஷர் என்ன நினைப்பார்? மேட்டுக்கு வந்த அன்றைக்கே விழப்பார்த்தவர் தினமும் எப்படி வருவார் என்றுதானே? அவர் விழவில்லை, என் நாற்காலிதான் விழுந்தது. ஆனால் அதை யார் பிரித்துப் பார்க்கப்போகிறார்கள்? ஒரு பெண்ணின் வேலையை என் கையாலேயே குழியில் தள்ளிவிட்டேன். வெள்ளிக்கிழமை ஷிமோகா வண்டியில் ஏறப்போகிறவருக்கு நான் என்ன சொல்வது?

“அம்மணி, இங்கேயே இருங்க. ஊருக்குள்ள ஆளனுப்பிக் கட்டில் கொண்டாரச் சொல்றேனுங்க” என்றேன். பாருங்கள், அப்போதும் அடுத்த ஏற்பாடுதான்.

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தார். புடவையெல்லாம் மண். மடியிலிருந்த துணிப்பையை அவிழ்த்தார். படம் வரைகிற சாமான் என்று நான் நினைத்திருந்தேன். அதுவும் இருந்தது. அதற்கு மேல் இரண்டு மரக்கட்டைகள், அடியில் தோல் தைத்து, மேலே பிடி வைத்து, கைக்கு ஒன்றாக.

“கட்டில் வேண்டாம். அந்த மூலையில படி வெட்டியிருக்கே, அது போறும்.”

கூலியாட்கள் ஏறி இறங்க மண்ணிலேயே வெட்டின படி அது. “வேண்டாமுங்கம்மணி. அத்தனை பேரும் பாக்குறாங்க. உங்க அண்ணன்கிட்ட வாக்குக் குடுத்திருக்கேனுங்க.”

“அண்ணாகிட்ட குடுத்தேள். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டேளா?” குரல் உயரவில்லை, ஆனால் கோபம் இருந்தது. “ஆத்துல நான் இப்படித்தான் நகர்றேன். சமையல் பண்றேன், கிணத்தடிக்குப் போறேன். தரையில இருந்தா எனக்கு ஒருத்தரும் வேண்டாம். ஒசரத்துல தூக்கி வெச்சாத்தான் நாலு பேர் வேணும். சும்மா தள்ளிக்கோங்கோ.”

தள்ளிக்கொண்டேன். கட்டையை ஊன்றி, உடம்பைத் தூக்கி முன்னே வைத்து, மறுபடி ஊன்றி, வரப்பின் நடுவாகவே போனார். ஓரத்துப் பக்கம் போகவே இல்லை. மூலைக்குப் போய் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். நான் வெட்கம் பிடுங்கித் தின்ன, குடையோடு பின்னாலேயே இறங்கினேன்.

மேலதிகாரி திரும்பிப் பார்க்காமலே பேசினார். கன்னடத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். “அந்தப் பக்கம் மண் ஈரம். இந்தச் சுவரை ஒட்டி வாருங்கள். தாழிக்கு ஒரு முழம் தள்ளியே இருக்கட்டும்.”

ரங்கநாயகி சுவரை ஒட்டி நகர்ந்து போய் நின்றார். நின்றார் என்று எழுதிவிட்டேன், பாருங்கள். போய் இருந்தார்.

“உமக்கு என்ன வேலை இங்கே?” இது எனக்கு. “குடையும் கையுமாக வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறீர். உட்காரும், இல்லை மேலே போம்.”

அப்போதுதான் சுற்றிப் பார்த்தேன். மேலதிகாரி குத்துக்காலிட்டு உட்கார்ந்து கையில் தூரிகையோடு இருந்தார். அவரைச் சுற்றி நாலு வேலையாட்களும் அப்படியே. ஒருவன் கத்தியால் சுரண்டுகிறான், ஒருவன் மண்ணை அள்ளுகிறான். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போக வேண்டுமென்றால் எழுந்திருப்பதில்லை, உட்கார்ந்தபடியே நகர்கிறார்கள். எழுந்தால் சுவரில் இடிக்கும், தாழியில் கால் படும், வெளிச்சம் மறையும். எத்தனை வருஷமாக இந்த முகாம்களில் திரிகிறேன், குழிக்குள் நின்று வேலை செய்தவன் ஒருவனைக்கூட நான் பார்த்ததில்லை. நாள் பூராவும் தரையில் உட்கார்ந்து நகர்கிற ஒரு தொழிலுக்கு, தரையில் உட்கார்ந்து நகர்கிற ஒருவரை, இவரால் முடியுமா என்று பார்க்க நாற்காலியில் வைத்துத் தூக்கிவந்திருக்கிறேன். அந்தக் குழியில் அன்றைக்கு நின்றவன் நான் ஒருவன்தான்.

குடையை மடக்கிவிட்டு உட்கார்ந்தேன். ஐந்து நிமிஷத்தில் எனக்கு முட்டி வலித்தது. இடம் மாற்றி உட்காரத் தெரியாமல் ஒருவனுடைய கூடையைத் தட்டிவிட்டேன்.

ரங்கநாயகி பலகையை மடியில் வைத்து, தாளைக் குத்தி, அளவு நாடாவை எடுத்தார். மேலதிகாரி “தாழி இருக்கிறபடியே வேண்டும். அதன் பக்கத்தில் சிதறிக் கிடக்கிற ஓடுகள் எல்லாம் அதது கிடக்கிற இடத்தில்” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. ரங்கநாயகி நாடாவின் ஒரு நுனியை ஒரு வேலையாளிடம் கொடுத்து “அங்க வெச்சுப் பிடிங்கோ” என்பார், அளப்பார், வரைவார், அடுத்த மூலைக்கு நகர்வார். முதல் அரை மணி நேரம் நாலு பேரும் அவரைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் மறந்துபோனார்கள். ஒருவன் தன் வெற்றிலைப் பொட்டலத்தை எடுக்க “கொஞ்சம் நகருங்கம்மா” என்றான். அவரும் படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் நகர்ந்துகொடுத்தார். எனக்கு மட்டும்தான் மேலதிகாரி முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்துக் கண் வலித்தது.

சாயங்கால ரயிலுக்கு நேரமாகிற வேளையில் அவர் தாளை நீட்டினார். மேலதிகாரி வாங்கிப் பார்த்தார். தாழியைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார். கோடு ஒவ்வொன்றாக விரல் படாமல் தொடர்ந்துகொண்டு போனார். அந்த விரல் தாளின் மேல்மூலைக்குப் போய் நின்றது.

“வடக்கு எங்கே?”

ரங்கநாயகி தாளைப் பார்த்தார். மூலை வெறுமையாக இருந்தது. படத்தில் எந்தப் பக்கம் வடக்கு என்று ஓர் அம்பு போட வேண்டும். வீட்டில் ஓடு வரையும்போது அது வேண்டியதில்லை. களத்தில் அது இல்லாமல் படம் இல்லை.

பிடித்துக்கொண்டார் மனுஷர். “இரண்டு மணி நேரம் வரைந்திருக்கிறீர்கள். நாலு ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு நாடா பிடித்தார்கள். வடக்கு இல்லை! நாளைக்கு இந்தத் தாழியை எடுத்துவிட்டால் இது எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று யாரைக் கேட்பது? உங்களைக் கேட்பதா, உங்கள் அளவு நாடாவைக் கேட்பதா? வடக்கு இல்லாத படம் படமா? கோலம்! திங்கட்கிழமை முதல் இப்படி ஒரு தாள் என் மேஜைக்கு வந்தால் கிழித்துப் போட்டுவிடுவேன், சொல்லிவிட்டேன்.”

ரங்கநாயகிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கோ துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது.

உங்களுக்குப் புரியாது, மேலதிகாரியோடு வேலை பார்த்தவர்களுக்குத்தான் புரியும். அவர் விருந்தாளியைத் திட்டமாட்டார். திவான் கச்சேரி ஆள் தாழியின் மேலேயே காலை வைத்தாலும் “பரவாயில்லை, காப்பி சாப்பிடுகிறீர்களா?” என்பார். அவர் வாயால் திட்டு வாங்க வேண்டுமென்றால் இலாகாவைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். குழியிலிருந்த நாலு பேரில் மேஸ்திரியாக இருந்தவன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். நான் மெதுவாக “அம்மணி, திங்கட்கிழமைன்னாருங்க” என்றேன். அவர் ஒரு கணம் என்னையே பார்த்தார். அப்புறம் தாளைத் திருப்பி வாங்கி, மேஸ்திரியிடம் வடக்கு எது என்று கேட்டு, மூலையில் ஓர் அம்பு போட்டார். அன்றைக்கு அவர் போட்டதிலேயே மோசமான கோடு அதுதான்.

படியேறி மேலே வந்து மேட்டடியை அடைந்தபோது வண்டி காத்திருந்தது. என் வாய் பழக்கதோஷத்தில் ஆட்களைக் கூப்பிடப் போயிற்று. நிறுத்திக்கொண்டேன்.

“எப்படிப் போகலாமுங்க அம்மணி? நீங்களே சொல்லுங்க.”

“மாட்டை அவுத்துட்டு வண்டி மூக்கணையைத் தரையில வெக்கச் சொல்லுங்கோ. சரிவா வரும், முன்பக்கமா நான் ஏறிக்கறேன். அப்புறம் பூட்டட்டும்.”

அவ்வளவுதான். ஒரு நிமிஷ வேலை. ரயிலில் ஏறவும் அவரே வழி சொன்னார். கதவுக்கம்பி இரண்டையும் பிடித்துக்கொண்டு, “கீழேர்ந்து ஒரு கை குடுத்தா போறும்” என்றார். நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போனதில் ஒரு கைதான் உபயோகப்பட்டது. பெட்டியில் உட்கார்ந்ததும் எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. காலையிலிருந்து சாப்பிடவில்லை என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. நஞ்சன்கூட்டு வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கி ஆறு பேரும் தின்றோம். சறுக்கி விழுந்த ஆளுக்கு ரங்கநாயகி தன் கையால் இரண்டு பழம் கூடக் கொடுத்தார்.

விருந்தாளி வருகிறார், அவருக்கு நடக்க முடியாது, பார்க்க முடியாது, கேட்க முடியாது என்று உங்களுக்குக் காகிதம் வரும். கூடவே அண்ணனோ பிள்ளையோ வருவார்கள், நிறையச் சொல்வார்கள். மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் உள்ளே போய், வரப்போகிறவரிடமே கேளுங்கள். இதற்கு மேல் இந்த விஷயத்தில் எனக்கு எதுவும் தெரியாது.

மைசூர் ஸ்டேஷனில் அண்ணன் காத்துக்கொண்டிருந்தார். ஆபீஸ் கோட்டு, தலைப்பாகை, எல்லாம் அப்படியே. ஆட்கள் நாலு பேரும் வெறுங்கையோடு இறங்குவதைப் பார்த்ததும் அவருக்கு முகம் மாறிவிட்டது. தங்கை கம்பியைப் பிடித்து இறங்கி, கட்டைகளை ஊன்றிப் பிளாட்பாரத்தில் அவரெதிரே வந்தபோது, சுற்றிலும் யார் பார்க்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்தார்.

“நாற்காலி எங்கே?”

“விழுந்துடுத்து.”

“ஐயையோ. நீ?”

“நான் விழல்லையே.”

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அடுத்த கேள்வியைக் கேட்க அவருக்குப் பயம். கேட்டார்.

“அவர் என்ன சொன்னார்?”

“திட்டினார் அண்ணா. எல்லார் முன்னாலயும். நன்னா வாங்கிக் கட்டிண்டேன்.”

அவர் தோள் அப்படியே தொங்கிவிட்டது. “சரி விடு. ஷிமோகாவும் நல்ல ஊர்தான். எதுக்குத் திட்டினாராம்?”

“வடக்கைப் போடலையாம். திங்கட்கிழமைலேர்ந்து இப்படி வரைஞ்சா கிழிச்சுப் போட்டுடுவாராம்.”

அவர் அந்த வார்த்தையை வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். “திங்கட்கிழமைலேர்ந்தா?” என்றார். தங்கை தலையாட்டினார். கூட்டம் இரண்டு பக்கமும் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பெரிய மனுஷர் ஆபீஸ் கோட்டும் தலைப்பாகையுமாகப் பிளாட்பாரத்தில் தங்கைக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்புறம் அங்கவஸ்திரத்தால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “சித்திகிட்ட நீயே சொல்லு, எனக்குச் சொல்ல வராது” என்றார்.